ஓலையில் உறங்கிய முகம்

பங்குனித் திங்களின் முழுநிலா நாள் அது. மேற்கே கதிரவன் இன்னும் விடைபெற்றுக்கொள்ளவில்லை. அதற்குள் கிழக்கே சந்திரன் பொறுமையிழந்து எழுந்துவிட்டான். ஆகவே வெள்ளாற்றின் நீர் ஒரு கரையில் செம்பொன்னாகவும் மறு கரையில் வெள்ளியாகவும் ஓடிக்கொண்டிருந்தது. கோடை பிறந்தும் அவ்வாண்டு ஆற்றில் நீர் குறையவில்லை. நாணற் புதர்களினூடே இளங்காற்று புகுந்து புறப்பட, கரையோரத்து வேம்புகள் தங்கள் சிறு வெண்பூக்களை நீரில் உதிர்த்துக்கொண்டே இருந்தன. இப்படிப்பட்ட மாலையில் உலகத்தில் நோய் என்று ஒன்று இருப்பதையே மனிதர் மறந்துவிடுவார்கள். ஆனால் வாசகர்களே, நாம் இப்போது போகவேண்டிய இடம் நோயுற்றவர்கள் வாழும் இடந்தான்.

ஆற்றின் நடுவே மருதத்திட்டு என்றொரு தீவு இருந்தது. அத்தீவில், நோயாளிகளுக்கு மருந்தும் உணவும் இருப்பிடமும் அளிக்கும் ஆதுலர்சாலை ஒன்று, முளைக்குன்ற நாட்டை ஆண்ட வேளிர் குலத்தாரின் அறக்கொடையாய் நடந்துவந்தது. அதன் தலைமை வைத்தியர் உமைநங்கை என்னும் இருபத்திரண்டு வயதுப் பெண். அரண்மனை வைத்தியராய் இருந்த அவள் தந்தை மறைக்காடர் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானபோது, தம் கத்திகளையும் ஊசிகளையும் அவற்றைப் பிடிக்கும் கைத்திறனையும் மகளுக்கு விட்டுச்சென்றார். பெண்ணாவது, கத்தி எடுத்துச் சதையை அறுப்பதாவது என்று மூக்கைச் சுளித்தவர்கள் நாட்டில் உண்டு. சுளிப்பதற்கு மூக்கு இருந்தவர்கள்தாம் அப்படிப் பேசினார்கள். நோய்க்குப் பறிகொடுத்தவர்கள் பேசாமல் ஓடம் ஏறி அவளிடம் வந்து சேர்ந்தார்கள்.

அன்று மாலையும் ஓடம் ஒன்று வந்தது. அதைத் தானே செலுத்திக்கொண்டு வந்தவன் உயரமானவன்; கண்களுக்குக் கீழே முகம் முழுவதையும் துணியால் சுற்றியிருந்தான். துறையில் மருந்துக் கலயங்களைக் கழுவிக்கொண்டிருந்த சாத்தி என்னும் பணிப்பெண், அவன் நடையைப் பார்த்துவிட்டுத் தலைவியிடம் ஓடினாள்.

"அம்மணி, ஓடக்காரர் ஒருத்தர் வந்திருக்கார். ஆனா நடையைப் பார்த்தா ஓடம் தள்ளுற ஆளாத் தெரியலை. பல்லக்குக்குப் பழகின கால் மாதிரி இருக்கு!" என்றாள்.

"காலைப் பார்த்தது போதும். உள்ளே வரச்சொல்," என்றாள் உமைநங்கை.

வந்தவன் கைகூப்பினான். "மறைக்காட வைத்தியரின் மகளார் தாங்கள்தாமோ? என் பெயர் சடையன். ஆற்றில் ஓடம் செலுத்திப் பிழைப்பவன்," என்று கூறி, முகத்துணியை மெல்ல அவிழ்த்தான்.

மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குழி இருந்தது. அதைச் சுற்றிலும் ஆறிப்போன தழும்பின் வரம்பு. அதற்கு மேலே இரண்டு கண்கள், நல்ல கூர்மையான கண்கள், தம் மீது விழப்போகும் பார்வைக்காகக் காத்திருந்தன. அவளோ முகத்தைத் திருப்பிக்கொள்ளவுமில்லை, இரக்கத்தோடு உற்று நோக்கவுமில்லை. ஒரு மெல்லிய ஊசியை எடுத்து அவனுடைய கன்னத்திலும் நெற்றியிலும் மாறி மாறித் தொட்டாள்.

"குத்துவது தெரிகிறதா?"

"தெரிகிறது. நான்கு ஆண்டுகள் மேற்கு மலையில் நீரடிமுத்து எண்ணெய் உண்டேன், பூசினேன். நோய் நின்றுவிட்டது. தின்றதுதான் திரும்பி வரவில்லை."

"அதைத் திருப்பித் தரலாம். நெற்றித் தோலை மூக்கின் அளவுக்கு வெட்டி, புருவ நடுவில் அதன் அடியை மட்டும் அறுக்காமல் விட்டு, கீழே திருப்பி வைத்துத் தைக்க வேண்டும். இருபத்தொரு நாள் அந்த அடிவழியாகத்தான் அதற்கு இரத்தம் ஓடும். அதற்கு முன் துண்டித்தால் மூக்கு வாடி உதிர்ந்துபோகும். வலியும் கொஞ்சநஞ்சமன்று. சம்மதந்தானா?"

"சம்மதம்."

"சரி. எத்தகைய மூக்கு வேண்டும்?"

அவன் உடனே விடை சொன்னான். வழிநெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். "யாருடையதும் அல்லாத ஒரு மூக்கு! ஒரு முறை பார்த்தவர் மறுநாள் மறந்துவிட வேண்டும். ஒரு மாதமாக மன்னர் குணவேளின் ஆட்கள் துறைதோறும் ஏறி இறங்கி, மூக்கிழந்தவன் ஒருவனைத் தேடுகிறார்கள். எதற்குத் தேடுவார்கள் என்று நாடறியும். மாலையிட்டு அழைத்துப்போக அன்று. அவர்கள் தேடுகிறவன் நான் அல்லன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை எந்த மூக்கைக் காட்டி மெய்ப்பிப்பேன்?"

உமைநங்கை உள்ளறைக்குச் சென்று, தன் தந்தையின் ஓலைப்பெட்டியைத் திறந்தாள்.

அப்பெட்டியைப் பற்றியும், மன்னரின் ஆட்கள் தேடியவனைப் பற்றியும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். முளைக்குன்றத்து வேளிர் குலத்தில் ஒரு மரபு உண்டு. முகத்தில் குறையுள்ளவன் குலவாளைத் தொடலாகாது. அரியணையின் நிழலிலும் நிற்கலாகாது. யார் வகுத்த மரபோ, வகுத்தவர் கண்ணாடி பார்த்துக்கொண்டே வகுத்திருக்க வேண்டும்! எட்டு ஆண்டுகளுக்கு முன், மூத்த இளவரசன் பூதிவேளுக்குப் பதினெட்டு வயது நடந்தபோது அவன் நாசியின் நுனியில் ஒரு சிவந்த தடிப்புத் தோன்றிற்று. முகத்தை அரிக்கும் கொடுநோய் அது என்று மறைக்காடர் கண்டுகொண்டார். சபையோர் கூடினார்கள், தீர்த்த யாத்திரை என்று அழகாகப் பெயர் சூட்டி, இளவரசனை நாட்டைவிட்டே அனுப்பினார்கள். பதினான்கே வயதான தம்பி குணவேளின் தலையில் முடி ஏறிற்று. அண்ணன் வழியிலேயே இறந்தான் என்றார்கள் சிலர். இருக்கிறான், ஒருநாள் வருவான் என்றார்கள் வேறு சிலர்.

யாத்திரை புறப்பட்ட நாளின் விடியற்காலையில் மறைக்காடர் ஒரு காரியம் செய்தார். பச்சைப் பனையோலை ஒன்றை இளவரசனின் மூக்கின்மீது படிய வைத்து, அதன் அளவுக்கு வெட்டி எடுத்துக்கொண்டார். நோய் தின்னத் தொடங்கியிருந்ததே தவிர, அன்றைக்கு அந்த மூக்கு முழுதாய் இருந்தது. வேளிர் குலத்துக்கே உரிய கிள்ளை வளைவோடு இருந்தது. "என்றைக்காவது இது வேண்டியிருக்கும்," என்றார் அவர். பக்கத்தில் விளக்கை ஏந்தி நின்ற பதினான்கு வயது மகள், அழாமல் கண்ணை மூடிக்கொண்டிருந்த இளவரசனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எட்டு ஆண்டுகளாக வேறு எந்த முகத்தையும் அவள் அப்படிப் பார்க்கவில்லை. இதற்குக் காதல் என்றுதான் பெயர். சுற்றிவளைத்துச் சொல்வதில் நமக்கு நம்பிக்கை இல்லை.

பெட்டியில் இருந்தவற்றுள் ஆண்மகனின் மூக்களவு அந்த ஓலை ஒன்றுதான். உத்தேச அளவுக்கு உதவுமே என்று அதை எடுத்து வந்தாள். சடையன் கண்களை மூடிப் படுத்திருந்தான். அவன் முகத்துக் குழியின்மேல் அவள் ஓலையை வைத்தாள். அது கண்ணின் ஓரத்தில் சரியாகத் தொடங்கிற்று. கன்னத்து வரம்பில் சரியாகப் படிந்தது. மேலுதட்டின் நடுவே சரியாக வந்து நின்றது. எந்தப் பக்கமும் ஒரு நூலிழையும் மிகவில்லை, குறையவுமில்லை.

உமைநங்கையின் விரல்கள் ஓலையை எடுக்க மறந்தன. ஊசிமுனையில் உயிரை நிறுத்தும் விரல்கள் அவை. எதையும் மறந்து பழக்கமே இல்லாதவை. அழாமல் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் இந்த முகத்தை அவள் அறிவாள். விளக்கொளியில் பார்த்ததை இப்போது நிலவொளியில் பார்த்தாள்.

"யாருடையதும் அல்லாத மூக்குத்தான் வேண்டுமா? உறுதியாகவா?" என்று கேட்டாள்.

"உறுதியாக," என்றான் அவன், கண்ணைத் திறவாமலே. "பழைய முகத்தோடு நான் திரும்பிப் போனால் நாட்டில் பாதிப்பேர் எனக்காக வாளெடுப்பார்கள், பாதிப்பேர் என்மேல் வாளெடுப்பார்கள். அம்முகத்தைக் கண்டால் சிறுவயதிலேயே முடி சுமந்த ஒரு பிள்ளைக்கு உறக்கம் வராது. எனக்கு ஓர் ஓடம் போதும், அம்மணி. வெயிலில் முகத்தை மூடாமல் அதைச் செலுத்தினால் போதும்."

நீங்களும் நானும் அவ்விடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? கையில் ஓலை இருக்கிறது. நெற்றித் தோலை அதன்படி வெட்டினால், எட்டாண்டுகளாய்க் கனவில் வந்த முகம் இருபத்தொரு நாளில் நேரே எழுந்து உட்காரும். கேட்டால், கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். உமைநங்கை அந்த ஓலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாளரத்தருகே சற்று நேரம் நின்றாள். முகம் அவனுடையது, ஆசை தன்னுடையது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு ஓலையைப் பெட்டியிலேயே வைத்து மூடிவிட்டு, தோட்டத்திலிருந்து ஒரு தளிர் வெற்றிலையைப் பறித்து வந்து, கிள்ளை வளைவு இல்லாத, நேரான, எளிய மூக்கொன்றின் அளவை அதில் வெட்டினாள்.

மறுநாள் காலையில் சிகிச்சை நடந்தது. மயக்கம் தரும் மதுவைக் குடிக்கக் கொடுத்து, வெற்றிலையை நெற்றியில் வைத்து மையால் கோடிட்டு, கோட்டின்மேல் கத்தியை ஓட்டினாள். மூச்சு விடுவதற்கு இரண்டு ஆமணக்குத் தண்டுகளைச் செருகி, தோலைத் திருப்பி அவற்றின்மேல் படியவைத்துத் தைத்தாள். அதிமதுரமும் மரமஞ்சளும் பொடித்துத் தூவி, எள்ளெண்ணெயில் நனைத்த பஞ்சால் மூடினாள். அவன் ஒரு முறைகூட அலறவில்லை. கட்டிலின் சட்டத்தைப் பற்றியிருந்த கைகள் மட்டும் நெடுநேரம் விடுபடவில்லை.

அதன் பின் வந்த நாட்கள் கனவில் நடப்பவைபோல் மெல்ல நடந்தன. பகலெல்லாம் அவன் வேம்பின் நிழலில் படுத்திருப்பான். மாலையில் அவள் வந்து கட்டைப் பிரித்துப் பார்ப்பாள். ஆற்றில் எந்த மடுவில் சுழல் உண்டு, எந்தத் துறையில் நாரைகள் இறங்கும் என்றெல்லாம் அவன் சொல்வான். தன் ஊரைப் பற்றி மட்டும் சொல்லமாட்டான், அவளும் கேட்கமாட்டாள். ஒருநாள் வேப்பம்பூ ஒன்று அவனுடைய புது மூக்கின்மேல் வந்து விழுந்தது. அவன் கையை உயர்த்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பூவோ மூக்கின் மேலேயே இருந்தது.

உமைநங்கை கலகலவென்று சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்துச் சாத்தி கேட்டதே இல்லை.

"ஏன் சிரிக்கிறீர்கள்? நெற்றியில் ஏதோ விழுந்ததே!"

"விழுந்தது மூக்கில். அந்தத் தோல் நெற்றியில் பிறந்தது அல்லவா? தன்னை இன்னும் நெற்றி என்றே எண்ணிக்கொண்டிருக்கிறது. அடியைத் துண்டித்த பிறகும் சில திங்கள் இப்படித்தான் இருக்கும். பிறகு மெல்ல மெல்லத் தன் புது வீட்டை அறிந்துகொள்ளும்."

"வீடு மாறியதை அறியச் சில திங்கள் போதுமா? எனக்கு எட்டு ஆண்டுகள் போதவில்லை," என்றான் அவன்.

இருபத்தொன்றாம் நாள் அடி துண்டிக்கப்பட்டது. மூக்கு வாடவில்லை. இன்னும் எட்டு நாட்களில் காயம் ஆறி, நெற்றித் தழும்பின்மேல் பட்டையாய்த் திருநீறு பூசியதும், அவன் ஆற்றங்கரையில் எங்கும் காணக்கூடிய ஓர் ஓடக்காரனாகவே ஆகிவிட்டான். மறுநாள் காலையில் விடைபெறுவதாய் இருந்தான். அன்று சித்திரை முழுநிலா.

அன்று அந்திப் பொழுதில் ஓர் ஓடம் திட்டை அணுகிற்று. சாத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அம்மணி, அரண்மனை ஓடம்! ஒத்த ஆளா வர்றார். இடுப்புல வாள் இருக்கு. மூக்கில்லாத ஒருத்தர் இங்க இருக்காரான்னு கேக்கறார்!"

பின்னாலேயே அந்த மனிதர் வந்துவிட்டார். ஆற்றுக்காற்றுக்கு அஞ்சியவர்போல் கண்களுக்குக் கீழே முகத்தை உத்தரீயத்தால் சுற்றியிருந்தார்.

"அரண்மனைத் தூதன் நான்," என்றார். "மூக்கிழந்த ஒருவன் இங்கே மருத்துவத்துக்கு வந்ததாகக் கேள்வி. அவனைக் காணவேண்டும்."

"ஐயா, இங்கே வரும்போது பலருக்கு மூக்கில்லை, போகும்போது இருக்கிறது. தாங்கள் சற்றுக் காலந்தாழ்ந்து வந்துவிட்டீர்கள்," என்றாள் உமைநங்கை.

தூதரின் கண்கள் முற்றத்தைச் சுற்றி வந்தன. வேம்பின் அடியில் துடுப்பைச் செதுக்கிக்கொண்டிருந்த சடையனைத் தொட்டன, நின்றன, கடந்துபோயின. அந்த முகத்தில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தன் கைவேலை வென்றது என்ற மகிழ்ச்சியும், தன்னைத் தவிர யாருக்கும் இனி அவனைத் தெரியப்போவதில்லை என்ற துயரமும் உமைநங்கைக்கு ஒருங்கே உண்டாயின.

தூதர் தளர்ந்து திரும்பினார். அந்தக் கணத்தில் காற்றுக் கொஞ்சம் பலமாய் அடித்தது. வேப்பம்பூ உதிர்ந்து சடையனின் மூக்கின்மேல் விழுந்தது. அவன் துடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை உயர்த்தி நெற்றியைத் துடைத்தான். பூசியிருந்த நீறு அழிந்தது. இலை வடிவில் ஒரு தழும்பு நிலவில் பளபளத்தது.

தூதர் அப்படியே நின்றார். "ஓடக்காரரே! மூக்கில் விழுந்த பூவை நெற்றியில் தேடுகிறீரே, அது ஏன்?" என்றார்.

அவர் வாளின் பிடியில் கை வைத்து இரண்டடி முன்னே வந்தார். உமைநங்கை இடையே பாய்ந்தாள். அவள் கையில் தோலை அறுக்கும் அந்தச் சிறு கத்தி இருந்தது.

"இந்தத் திட்டில் கத்தி எடுக்கும் உரிமை எனக்கு ஒருத்திக்குத்தான் உண்டு! அவர் என் நோயாளி. மன்னரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் இழந்தது போதும்!"

தூதர் வாளை இடுப்பிலிருந்து அவிழ்த்தார், தரையில் வைத்தார். பிறகு முகத்தைச் சுற்றியிருந்த உத்தரீயத்தைக் களைந்தார். இளம் முகம், அதன் நடுவே வேளிர் குலத்துக்கே உரிய கிள்ளை மூக்கு. அதன் நுனியில் குன்றிமணியளவு சிவந்த தடிப்பு.

"குணா!" என்று சடையன் எழுந்த வேகத்தில் துடுப்பு உருண்டு ஓடியது.

ஆம், வாசகர்களே. வந்திருந்தவன் முளைக்குன்றத்து மன்னன் குணவேள்தான். அவன் அண்ணனின் காலடியில் அமர்ந்து, புது முகத்தைப் பாராமல் பழைய பாதங்களைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"இரண்டு மாதமாகத் தங்களைத் தேடுகிறேன், அண்ணா. கொல்லத்தான் தேடுகிறேன் என்று நாடே நினைக்கிறது. தாங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். தாங்கள் புறப்பட்ட அன்று உப்பரிகையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு முறை 'அண்ணா' என்று கூப்பிட்டிருக்கலாம். முடி கனத்தது, கூப்பிடவில்லை. இப்போது எனக்கும் வந்துவிட்டது. இதுவரை அரைத்த சந்தனத்தைப் பூசி மறைத்தேன், இனி மறையாது. என்னையும் யாத்திரை அனுப்புவார்கள். தங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வந்தேன். முதல் நாளை எப்படித் தாங்கினீர்கள்?"

பூதிவேள் குனிந்து தம்பியைத் தூக்கினான். எட்டு ஆண்டுகளில் அவனை யாரும் கட்டிக்கொண்டதில்லை. தம்பி கட்டிக்கொண்டு அழுதான். அவனுடைய கண்ணீர் அண்ணனின் மூக்கின்மேல் வழிந்தது. பூதிவேளுக்கோ அந்த வெம்மை நெற்றியின் நடுவில் தெரிந்தது, பட்டம் சூட்டும்போது இடுவார்களே, அந்தத் திலகம் இருக்கும் இடத்தில்.

"தாங்கவில்லை, குணா," என்றான். "தனியாக இருந்தேன், தாங்கவில்லை. நீ தனியாக இருக்க மாட்டாய். இந்த வெள்ளாறும் வானத்து முழுநிலாவும் சான்றாகச் சொல்கிறேன்: இத்தழும்பில் இனி நீறு பூசி மறைக்க மாட்டேன். சபை கூடும் நாளில் உன் அரியணையின் நிழலிலேயே இம்முகத்தோடு நிற்பேன். முகத்தில் குறை கண்டு உன்னை இறக்க நினைப்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்த்துப் பேசட்டும். முடி உன்னுடையது; அதை நான் கேட்க மாட்டேன். உன் பக்கத்தில் நிற்கும் இடம் மட்டும் என்னுடையது."

பிறகு உமைநங்கையை நோக்கித் திரும்பினான். அவள் எப்போதோ உள்ளே போய், அந்தப் பழைய ஓலையோடு வந்து நின்றாள். அவன் அதை வாங்கிப் பார்த்தான். தன் மூக்கை அடையாளம் கண்டுகொள்ள அவனுக்குச் சற்று நேரமாயிற்று.

"முதல் நாளே இது தங்களிடம் இருந்ததா?"

"இருந்தது. அளவு பொருந்திற்று."

"அப்படியிருந்தும் இதன்படி வெட்டவில்லையே, ஏன்?"

"தாங்கள் கேட்டது வேறு," என்றாள் அவள். கண்கள் நிறைந்திருந்தன.

"யாருடையதும் அல்லாத மூக்கைக் கேட்டேன்," என்றான் அவன் மெல்ல. "தாங்கள் அப்படி ஒன்றைத் தரவில்லை, நங்கையே. இது தங்களுடையது. காலமெல்லாம் அதை என் முகத்தில் வைத்துக் காப்பேன், தாங்கள் இசைந்தால்."

அவள் இசைந்தாளா என்று கேட்கும் வாசகர்கள், ஓலைப்பெட்டியைப் பற்றி நாம் சொன்னதை மறந்திருக்க வேண்டும்.

உமைநங்கை கண்களைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தியரானாள். மன்னனை நிலவொளி விழும் இடத்தில் உட்கார வைத்தாள். "நோய் தொடக்கத்தில்தான் இருக்கிறது, மன்னவா. இன்றே நீரடிமுத்து எண்ணெயைத் தொடங்கினால் மூக்குப் பிழைத்தாலும் பிழைக்கும். ஆயினும் முழுதாய் இருக்கும்போதே அளவெடுத்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அசையாமல் இருங்கள்," என்று சொல்லி, ஆற்று நீரில் நனைத்த பச்சை ஓலையை அவன் மூக்கின்மேல் வைத்தாள்.

குணவேள் சிலிர்த்தான். "குளிர்கிறது!"

"எங்கே?" என்றான் பூதிவேள், தன்னையறியாமல்.

மன்னன் திகைத்து அண்ணனைப் பார்த்தான். "மூக்கில்தான். வேறு எங்கே குளிரும், அண்ணா?"

பூதிவேள் சிரித்தான். உமைநங்கையும் சிரித்தாள். ஏன் சிரிக்கிறார்கள் என்று அறியாமலே, அழுத கண்ணோடு, ஓலை அசைந்துவிடாமல் முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குணவேளும் சிரித்தான்.